கீழே இறங்கி ஒரு திருகு!

உங்ககிட்ட ஒரு கேள்வி. ஃபோர் வீல் டிரைவ் வண்டினு சொன்னதும் உங்களுக்கு என்ன தோணும்? நாலு சக்கரத்தையும் இன்ஜின் சுத்தும்... சேறு, மணல், மலைனு எங்கே விட்டாலும் ஏறி இறங்கும்... அதானே? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. மெக்கானிக்கல் மூணாவது வருஷம் வரைக்கும்!

இத்தனைக்கும் எங்க வீட்டு வாசல்லயே ஒரு ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் நிக்குது. அது சோறு போட்டுத்தான் நான் வளர்ந்தேன். எங்க ஊர் போடிநாயக்கனூர். அப்பா ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வண்டி ஓட்டறவர். போடிமெட்டு ஏறி அந்தப் பக்கம் போனா, தார் ரோடு முடிஞ்சு செம்மண் பாதை தொடங்கும். உரம், அரிசி மூட்டை மேலே போகும். பறிச்ச பச்சைக் காய் காய வைக்கிற ஸ்டோருக்குக் கீழே வரும். அந்தப் பாதையில சாதா வண்டி போகாது. அப்பாவோட வண்டி போகும். அதனாலதான் எங்க வீட்டு அடுப்பு எரிஞ்சது. மதுரைக்குப் பக்கத்துல ஒரு காலேஜ்ல எனக்கு ஃபீஸும் கட்ட முடிஞ்சது.

பரீட்சையில டிஃபரன்ஷியல் படம் வரைஞ்சு, அம்புக்குறி போட்டு, 13 மார்க் கேள்விக்கு மூணு பக்கம் எழுதியிருக்கேன். ஆனா, வாசல்ல நிக்கிற வண்டிக்குக் கீழே ஒரு தடவைகூடக் குனிஞ்சு பார்த்ததில்லை. நீங்களும் இப்படித்தானா? அப்போ தொடர்ந்து படிங்க.

அந்த ஐப்பசி சாயங்காலம்

போன ஐப்பசியில நடந்தது. நாலு நாளா விடாத மழை. அப்பாவும், கூட வேலை பார்க்கற அண்ணனும் தோட்டத்துலேருந்து இறங்கிட்டிருந்தாங்க. லோடு கம்மிதான். செங்குத்தான இறக்கம் வருதுனு அப்பா முறைப்படி வண்டியை நிறுத்தி, ஃபோர் வீல் 'லோ' போட்டு, முதல் கியர்ல மெதுவா இறக்கியிருக்கார். பாதி இறக்கத்துல முன்பக்கத்திலிருந்து 'டக்... டக்... டக்'னு ஒரு சத்தம். அடுத்த நொடி பின்பக்கம் வழுக்கி, வண்டி குறுக்கே திரும்பி, ஓரத்துல நின்ன ஒரு நிழல் மரத்துல மோதி நின்னிருக்கு. மரம் இல்லேன்னா அந்தப் பக்கம் பள்ளம்.

அப்பாவுக்கு அடி இல்லை. அண்ணன் குதிக்கப் போயி கீழே விழுந்து வலது கை எலும்பு முறிஞ்சிருச்சு.

வண்டியைப் பார்த்த ஒரு மெக்கானிக், "பிரேக் நல்லாத்தான் இருக்கு, ஸ்டியரிங் நல்லாத்தான் இருக்கு, வண்டியில ஒரு கோளாறும் இல்லை"னு சொல்லிட்டார். அப்புறம் என்ன மிச்சம்? டிரைவர்தான். டீக்கடையில பேச்சு ஆரம்பிச்சிருச்சு. "அண்ணனுக்கு வயசாயிருச்சுப்பா... மலை ரோட்டுக்கெல்லாம் இனிமே சரிப்படாது."

அப்பா யார்கிட்டயும் சண்டை போடலை. வாரா வாரம் அந்த அண்ணன் வீட்டுக்குப் போயி, கையில இருக்கறதைக் கொடுத்துட்டு வருவார். மிச்ச நேரம் வாசல்ல உட்கார்ந்து தன்னோட கையையே பார்த்துக்கிட்டு இருப்பார். நான் ஸ்டடி ஹாலிடேஸுக்கு வீட்டுக்கு வந்தப்ப அம்மாதான் சொன்னாங்க: "வண்டியைக் கொடுத்துரலாம்னு சொல்றாருடி. புரோக்கர் ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போயிட்டான்."

அன்னைக்கு ராத்திரி அப்பாகிட்ட உட்கார்ந்தேன்.

"அப்பா, சத்தம் எங்கேருந்து வந்துச்சு?"

"முன்னாடி."

"இன்ஜின்லேருந்தா, சக்கரத்துலேருந்தா?"

கொஞ்ச நேரம் யோசிச்சார். "சக்கரத்துலேருந்துதான் பாப்பா. ரெண்டு மாசமாவே அப்பப்போ கேட்டுச்சு. ஃபோர் வீல் போட்டா மட்டும் வரும். சின்னச் சத்தம்தானேன்னு விட்டுட்டேன்."

அந்த 'ஃபோர் வீல் போட்டா மட்டும்'தான் என்னைப் பிடிச்சு உலுக்குச்சு.

சக்கரத்துக்குள்ள ஒரு பூட்டு

இப்போ கொஞ்சம் டெக்னிக்கலா போகணும். ஓடிடாதீங்க, பாடம் மாதிரி இருக்காது!

எங்க வண்டி மாதிரி வண்டிகள்ல எப்பவும் ஓடறது பின் சக்கரம் மட்டும்தான். கியர் பாக்ஸுக்குப் பின்னாடி டிரான்ஸ்ஃபர் கேஸ்னு இன்னொரு பெட்டி இருக்கும். அதோட லீவரைப் போட்டாத்தான் முன் ஆக்ஸிலுக்கும் சக்தி போகும். சரி, போடாத நேரத்துல முன் ஆக்ஸில் என்ன செய்யும்? சும்மா இருக்கும்னு நினைக்கிறீங்களா? இருக்காது. முன் சக்கரம் ரோட்டுல உருளுதில்லையா... அது தன்னோட சேர்ந்த ஷாஃப்ட்டைச் சுத்தும், ஷாஃப்ட் டிஃபரன்ஷியலைச் சுத்தும், டிஃபரன்ஷியல் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைச் சுத்தும். ஒரு வேலையும் செய்யாத இத்தனை இரும்பும் நாள் முழுக்க வெட்டியாச் சுத்தும். டீசல் போகும், தேய்மானம் வரும், சத்தம் வரும்.

இதுக்குக் கண்டுபிடிச்சதுதான் ஹப் லாக். சக்கரத்தோட நடுவுல, ஷாஃப்ட்டோட நுனியில ஒரு பூட்டு. பூட்டினா சக்கரமும் ஷாஃப்ட்டும் ஒண்ணாச் சுத்தும். திறந்தா சக்கரம் மட்டும் பேரிங் மேல உருளும், ஷாஃப்ட் தூங்கும். அவ்வளவுதான் விஷயம்!

ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு ராணுவ ஜீப்புகள் சாதாரண ஜனங்க கைக்கு வந்தப்ப, அதை ரோட்டுல ஓட்டறவங்களுக்கு இந்த வெட்டிச் சுத்தல் பெரிய தொல்லை. அமெரிக்காவில ஆர்தர் வார்ன்ங்கறவர் 1948-ல அந்த ஜீப்புகளுக்கு ஹப் லாக் செய்து விற்கத்தான் கம்பெனியே தொடங்கினார். சக்கரத்தோட நடுவுல கையால திருகற ஒரு டயல். ஒரு பக்கம் 'லாக்', ஒரு பக்கம் 'ஃப்ரீ'. மழையோ, சேறோ, இறங்கித்தான் திருகணும்.

மனுஷன் சும்மா இருப்பானா? 'இறங்காமலே பூட்டிக்கிட்டா என்ன?'னு யோசிச்சான். ஆட்டோமேட்டிக் ஹப் வந்தது. 1980-கள்ல நிறைய வண்டிகள்ல இது பரவலாச்சு. லீவரைப் போட்டு வண்டியை நகர்த்தினா, ஷாஃப்ட் சுத்தும். அந்தச் சுத்தலே உள்ளே இருக்கற ஒரு கேமைத் தள்ளும், கேம் ஒரு பல் சக்கரத்தை நகர்த்தி ஹப்போட கோர்த்துவிடும். திறக்கணுமா? லீவரை மாத்திட்டு, கொஞ்ச தூரம் ரிவர்ஸ் போகணும். கேம் பின்னாடி உருண்டு பூட்டு திறந்துக்கும்.

ரொம்ப வசதி. ஆனா, ஒரு சிக்கல் உண்டு. இந்த வகை ஹப் பூட்டிக்கறதுக்கு ஷாஃப்ட் ஒரு பக்கமா அழுத்திக்கிட்டே இருக்கணும். மேட்டுல ஏறும்போது இன்ஜின் சக்கரத்தைத் தள்ளுது. இறக்கத்துல கியர்ல இறங்கும்போது தலைகீழ்... சக்கரம் இன்ஜினைத் தள்ளுது. அழுத்தம் திசை மாறுது. அந்த மாற்றத்துல கேம் ஒரு பக்கத்துலேருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாண்டணும். நல்லா இருக்கற ஹப்புல அது தாண்டி மறுபடி பூட்டிக்கும். தேய்ஞ்ச ஹப்புல? பிடிக்கும், நழுவும்... பிடிக்கும், நழுவும்...

டக்... டக்... டக்!

இறக்கத்துல வண்டியோட பாரம் முன்பக்கம் சாயும். அதனால அப்போ நல்லாப் பிடிமானம் இருக்கறது முன் சக்கரத்துக்குத்தான். அதோட பூட்டு விட்டுப்போச்சுன்னா, இன்ஜின் இழுத்துப் பிடிக்கறது பின் சக்கரத்தை மட்டும். லோடு கம்மி, கீழே சேறு. பின் சக்கரம் வழுக்காம என்ன செய்யும்? அப்பாவோட கையில தப்பு இல்லைனு அந்த ராத்திரியே எனக்குத் தோணிருச்சு. ஆனா, தோணினா போதுமா? நிரூபிக்கணுமே!

பாய் சொன்ன கண்டிஷன்

எங்க தெரு முனையில ஒரு சின்ன பட்டறை. அதோட ஓனரை எல்லாரும் பாய்னுதான் கூப்பிடுவாங்க. வயசானவர், பழைய ஜீப் வேலையில கில்லாடி. போய் விஷயத்தைச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ கழட்டுவியா, நான் கழட்டணுமா?"

"நானே கழட்டறேன் பாய்."

"அப்படின்னா வா. வேடிக்கை பார்க்கறதுன்னா வராதே."

மறுநாள் காலையில வண்டியைச் சமதரையில நிறுத்தி, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வச்சு, முன்பக்கம் ஜாக்கி ஏத்தி, அடியில ஸ்டாண்டு கொடுத்தோம். "ஜாக்கியை நம்பித் தலையைக் கொடுக்காதே"னு பாய் மூணு தடவை சொன்னார். நானும் உங்களுக்கு ஒரு தடவை சொல்லிடறேன்.

ஹப் மூடியில ஆறு போல்ட். கழட்டினேன். ஷாஃப்ட் நுனியில ஒரு சர்க்ளிப். அதை எடுக்கறதுக்குள்ள எனக்கு வேர்த்து ஊத்திருச்சு. பாய் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறார். ஒரு வழியா கிளிப் வந்துச்சு. ஹப்போட உள்பகுதியை இழுத்தேன்...

உள்ளே கிரீஸே இல்லை! அதாவது, கிரீஸ்னு சொல்ற மாதிரி எதுவும் இல்லை. தண்ணியும் சேறும் கலந்து, காப்பித்தூள் கலர்ல களிமண் மாதிரி ஒரு பசை. டீசல்ல போட்டுக் கழுவினோம். கேமை எடுத்து பாய் வெளிச்சத்துல காட்டினார். கூரா இருக்க வேண்டிய விளிம்பு, கூழாங்கல் மாதிரி உருண்டு வழுவழுன்னு இருந்துச்சு. ஒரு ஸ்பிரிங் ரெண்டாக் கிடந்தது.

பாய் ஒண்ணும் சொல்லலை. பையனை அனுப்பி அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொன்னார்.

அப்பா வந்தார். கேமைக் கையில வாங்கினார். கட்டை விரலால அந்த உருண்ட விளிம்பைத் தடவிப் பார்த்தார். திரும்பத் திரும்பத் தடவினார். அவர் முகத்தைப் பார்த்தா நான் அழுதுடுவேன்னு தெரிஞ்சு, நான் வண்டிக்கு அந்தப் பக்கம் போயிட்டேன்.

"அப்போ... என் கை இல்லையா பாய்?"

"உங்க கை இல்லண்ணே. இது விட்டுருச்சு."

கொஞ்ச நேரம் கழிச்சு அப்பா சொன்னதுதான் எனக்கு இன்னும் காதுல இருக்கு. "ஆனா, சத்தம் என் காதுல விழுந்துச்சுல்ல? ரெண்டு மாசம். இறங்கிப் பார்த்திருக்கணும்."

ஆட்டோமேட்டிக்லேருந்து மேனுவலுக்கு

புது ஆட்டோமேட்டிக் ஹப்பே வாங்கிப் போட்டிருக்கலாம். நல்ல நிலைமையில இருந்து, ஒழுங்காக் கழுவி கிரீஸ் மாத்தினா அதுவும் வேலை செய்யும். ஆனா, எங்க பாதை சேறும் இறக்கமும். ஒவ்வொரு நாளும் அழுத்தம் திசை மாறிக்கிட்டே இருக்கும். மேனுவல் ஹப்புல அந்தப் பிரச்னையே கிடையாது. டயலைத் திருகினா பல்லோட பல் கோர்த்துக்கும். முன்னாடி தள்ளினாலும் பின்னாடி தள்ளினாலும், நாமளே திருகித் திறக்கற வரைக்கும் விடாது. அப்பாவும் அதைத்தான் கேட்டார்.

மதுரையில ஸ்பேர் பார்ட்ஸ் கடை கடையா ஏறி இறங்கினேன். "யாருக்கும்மா? அப்பாவை வரச் சொல்லு"னு ரெண்டு கடையில திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவது கடைக்காரர்கிட்ட பழைய ஹப்பையே மேஜை மேல வச்சு, "ஷாஃப்ட்டுல இத்தனை பல், போல்ட் ஆறு, போல்ட்டுக்கு போல்ட் இவ்வளவு தூரம்"னு சொன்னேன். அப்புறம் யாருக்குன்னு அவர் கேட்கலை. விலை? என்னோட ஒரு செமஸ்டர் மெஸ் பில் அளவுக்கு. வண்டியை வித்தா வர்ற நஷ்டத்தோட பார்த்தா ஒண்ணுமில்லைனு அம்மா நகைக் கடன் வச்சுக் கொடுத்தாங்க.

ஹப்பை வாங்கிட்டு வந்து ஜம்முனு மாட்டப் போனேன். பாய் கையைப் பிடிச்சுட்டார்.

"பேரிங் நட்டைப் பார்த்தியா?"

பார்க்கலை. அங்கேதான் விஷயமே இருக்கு. எங்க வண்டியில ஆட்டோமேட்டிக் ஹப்புக்குன்னே, சக்கர பேரிங்கைப் பிடிச்சு நிறுத்தற நட்டும் வாஷரும் தனி டைப். கேம் உட்காரத் தோதா செஞ்சது. மேனுவல் ஹப் மாட்டும்போது அதையெல்லாம் எடுத்துட்டு, அதுக்கேத்த நட், லாக் வாஷர் போடணும். அதை மறந்துட்டு வெறும் ஹப்பை மட்டும் மாத்தினா, ஒண்ணு உள்ளே சரியா உட்காராது, இல்லைன்னா பேரிங் மெல்ல மெல்ல லூஸாகும். லூஸாகி ஓடற சக்கரம் என்ன செய்யும்னு நான் சொல்ல வேண்டாம். மறுபடி மதுரை பஸ்!

நட் வந்தப்புறம் பேரிங்கைக் கழட்டி, டீசல்ல கழுவி, உள்ளங்கையில கிரீஸை வச்சு ஒவ்வொரு உருளைக்குள்ளயும் போகற மாதிரி அழுத்தி அழுத்தி நிரப்பினேன். பாய் செஞ்சு காட்டின மாதிரி சக்கரத்தைச் சுத்திக்கிட்டே நட்டை இறுக்கினேன். அப்புறம் தளர்த்தினேன். மறுபடி லேசா இறுக்கினேன். இறுக்கம் சரியானு எப்படித் தெரியும்? சர்வீஸ் புக்குல, சக்கர போல்ட்டுல ஸ்பிரிங் தராசைக் கட்டி இழுத்து, எவ்வளவு இழுப்புக்கு ஹப் நகருதுனு பார்க்கச் சொல்லியிருந்தது. தராசுக்கு எங்கே போறது? அப்பா வீட்டுக்குப் போயி, ஏலக்காய் எடை போடற கொக்கித் தராசைக் கொண்டுவந்து என் கையில கொடுத்தார். ஒரு வார்த்தை பேசலை. ஆனா, அந்த வேலையில அப்பா சேர்ந்துட்டார்னு எனக்குப் புரிஞ்சது.

ஹப்புக்குள்ள கிரீஸை அள்ளி அப்பலாம்னு போனேன். அங்கேயும் ஒரு திட்டு. "பேரிங்குக்கு நிறைய, ஹப்புக்குப் பூசினாப் போல! உள்ளே திணிச்சா பல் நகர இடம் எங்கே இருக்கும்?" சரிதானே! மெலிசாப் பூசி, ஹப் பாடியை மாட்டி, சர்க்ளிப் போட்டு, ரப்பர் ரிங்கைச் சரியா உட்கார வச்சு, டயல் மூடியை 'ஃப்ரீ'யில வச்சு மாட்டினேன். போல்ட்டை ஒரே பக்கமா இறுக்காம, எதிர் எதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினேன். முதல் பக்கத்துக்கு முழு நாள் ஆச்சு. ரெண்டாவது பக்கம்? ரெண்டரை மணி நேரம்தான்!

அப்புறம் டெஸ்ட். ஜாக்கி மேல இருக்கும்போதே டயல் 'ஃப்ரீ'. சக்கரத்தைச் சுத்தினேன். சக்கரம் மட்டும் உருண்டுச்சு, ஷாஃப்ட் அசையலை. அடுத்து இன்ஜினை ஆஃப் பண்ணி, முதல் கியரும் ஃபோர் வீலும் போட்டு, ரெண்டு டயலையும் 'லாக்'ல திருகினேன். இடது சக்கரத்தை முன்னாடி சுத்தினேன். வலது சக்கரம் தானா பின்னாடி சுத்துச்சு!

டிஃபரன்ஷியல் பாடத்துல அதைப் படிச்சிருக்கேன். ஃபார்முலாவோட எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். ஆனா, என் கையால ஒரு சக்கரத்தைத் தள்ள, அந்தப் பக்கம் இன்னொரு சக்கரம் எதிர்த் திசையில சுத்தினதைப் பார்த்தப்பதான் அந்தப் பாடம் எனக்கு உண்மையிலேயே புரிஞ்சது. "ஹே!"னு கத்திட்டேன். பட்டறைப் பையன் பயந்து டீயைக் கொட்டிட்டான்.

பாதி திருகினா?

மறு வாரம் மேலே போனோம். அப்பா ஸ்டியரிங்ல, நான் பக்கத்துல. மண் பாதை தொடங்கற இடத்துல நிறுத்தினார். "போயி லாக் போடு தாயி." பெருமையா இறங்கி, இடது பக்கம் திருகினேன், வலது பக்கம் திருகினேன், ஏறி உட்கார்ந்தேன். அப்பா லீவரைப் போட்டார். முதல் மேடு. பின் சக்கரம் சேத்துல வெறுமனே சுத்துது. வண்டி நகரலை!

என் முகம் எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க. கடன், ஒரு வார வேலை, மதுரைக்கு ரெண்டு பஸ்... எல்லாம் போச்சுனு நினைச்சேன்.

அப்பா பதறலை. "இறங்கிப் பாரு"ன்னார்.

இறங்கினேன். இடது டயல் 'லாக்'. வலது டயல்... ரெண்டு எழுத்துக்கும் நடுவுல! அவசரத்துல பாதிதான் திருகியிருக்கேன். ஒரு பக்கம் பூட்டி, ஒரு பக்கம் திறந்திருந்தா என்ன ஆகும்? டிஃபரன்ஷியல் எப்பவும் சுலபமான வழியைத்தான் பார்க்கும். திறந்த பக்கத்து ஷாஃப்ட் சும்மா சுத்தும், பூட்டின சக்கரத்துக்கும் ஒண்ணும் போகாது. ஒரு பக்கம் விட்டா ரெண்டு பக்கமும் போச்சு! முழுசாத் திருகினேன். அப்பா வண்டியை ஒரு அடி நகர்த்தினார். உள்ளே 'க்ளிக்'னு பல் கோர்த்துக்கிச்சு. வண்டி ஏறிருச்சு.

திரும்பி வரும்போது அதே இறக்கம். மரத்துல அந்தக் காயம் இன்னும் இருந்துச்சு. அப்பா மேலேயே நிறுத்தினார். நான் சொல்றதுக்கு முன்னாடி அவரே இறங்கி, ரெண்டு டயலையும் தொட்டுப் பார்த்துட்டு வந்தார். ஃபோர் வீல் லோ, முதல் கியர். பிரேக்ல காலை வைக்கலை. வண்டி, பொதி சுமக்கற மாடு மாதிரி, ஒவ்வொரு அடியா இறங்குச்சு. நான் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு 'டக்'கும் இல்லை.

கீழே வந்ததும் அப்பா இன்ஜினை அணைச்சுட்டு, ரெண்டு கையையும் ஸ்டியரிங் மேலேயே கொஞ்ச நேரம் வச்சிருந்தார். அப்புறம் சிரிச்சார். எத்தனையோ வாரம் கழிச்சு!

உங்க வீட்லயும் ஃபோர் வீல் இருந்தா...

* ரெண்டு டயலும் ஒரே நிலையில இருக்கணும். ரெண்டும் 'லாக்' அல்லது ரெண்டும் 'ஃப்ரீ'. நடுவுல எதுவும் கிடையாது.

* மலை அடிவாரத்துலேயே 'லாக்' போட்டுக்கலாம். லீவர் டூ வீல்ல இருக்கற வரைக்கும் தார் ரோட்டுல ஓட்டினாலும் வண்டிக்குக் கெடுதல் இல்லை, கொஞ்சம் டீசல்தான் கூடச் செலவாகும். சேத்துல மாட்டின பிறகு இறங்கித் திருகறதைவிட இது மேல்.

* காய்ஞ்ச தார் ரோட்டுல லீவரை ஃபோர் வீல்ல போட்டு ஓட்டாதீங்க. வளைவுல முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் போகறதில்லை. எங்க வண்டி மாதிரி பார்ட் டைம் ஃபோர் வீல்ல அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க நடுவுல டிஃபரன்ஷியல் கிடையாது. முறுக்கிக்கிட்டு ஏதாவது ஒண்ணு உடையும்.

* மாத்தறதுக்கு முன்னாடி ஷாஃப்ட் பல்லையும் போல்ட்டையும் எண்ணுங்க. பேரிங் நட், வாஷர் பொருந்துமானு கேளுங்க. இப்போ வர்ற பல வண்டிகள்ல ஹப்புல பூட்டே இருக்காது, இணைப்பை ஆக்ஸிலுக்குள்ளேயே பிரிக்கற மாதிரி இருக்கும். வேற சில வண்டிகள்ல வேக்குவம் குழாய் வச்சுப் பூட்டுவாங்க. உங்களோடது எந்த வகைனு முதல்ல தெரிஞ்சுக்கங்க.

* ஆழமான தண்ணியில இறங்கி ஏறின வண்டின்னா, ஹப்பைத் திறந்து உள்ளே தண்ணி போயிருக்கானு பார்த்துடுங்க.

* முதல் தடவை தெரிஞ்சவங்க பக்கத்துல இல்லாம கை வைக்காதீங்க. பாய் இல்லேன்னா அந்தப் பேரிங் நட்டை நான் கோட்டை விட்டிருப்பேன்!

கடைசியா...

கட்டுப் பிரிச்சப்புறம் அந்த அண்ணன் மறுபடி வேலைக்கு வந்துட்டார். முதல் நாள் நானும் போயிருந்தேன். அப்பா பழைய ஹப்பையும் புது ஹப்பையும் காட்டி எல்லாத்தையும் விளக்கினார். "தப்பு என்மேலயும் இருக்குப்பா, சத்தம் கேட்டும் விட்டுட்டேன்"னு நேராவே சொன்னார். அண்ணன் கொஞ்ச நேரம் கம்முனு இருந்தார். அப்புறம், "சரி விடுங்கண்ணே. இனிமே லாக் போடறது என் வேலை. நான் போட்டாத்தான் எனக்கு நம்பிக்கை"ன்னார். இன்னைக்கு வரைக்கும் அவர்தான் போடறார். அப்பா இறங்கி ஒரு தடவை பார்க்கறார். அண்ணனுக்கு அதுல கோபமே இல்லை.

ஆட்டோமேட்டிக் மோசம், மேனுவல்தான் உசத்தினு நான் சொல்ல வரலை. ஒரு விஷயம் தானா நடந்துக்கும்னு விட்டுட்டா, அது நடக்காம போற நாள் நமக்குத் தெரியறதே இல்லை. அப்புறம் யாரோ ஒருத்தர் தன் கையையே பார்த்துக்கிட்டு உட்கார வேண்டியிருக்கு. உங்க வீட்லயும் அப்பாவோ அம்மாவோ, "எனக்கு வயசாயிருச்சு போல"னு சொல்லிட்டு எதையாவது விட்டுக் கொடுக்கப் போறாங்களா? சரினு தலையாட்டறதுக்கு முன்னாடி, ஒரு தடவை குனிஞ்சு பாருங்க ஃப்ரெண்ட்ஸ். பழுது வேற எங்கேயாவது இருக்கலாம்.

அந்தத் தேய்ஞ்ச கேமை நான் காலேஜுக்கு எடுத்துட்டுப் போயி லேப்ல காட்டணும்னு கேட்டேன். அப்பா தரலை. வண்டி டேஷ்போர்டுல, பிள்ளையாருக்குப் பக்கத்துல வச்சிருக்கார். அவருக்கு அது வேணுமாம்.